ஊர் நிலத்தை ஒண்ணா சேர்த்து டவுன்ஷிப்: அப்பா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



போன மாசம் ஒரு சப்ஸ்கிரைபர் மெயில் அனுப்பியிருந்தாங்க. 27 வயசு, சென்னையில சாஃப்ட்வேர் வேலை. ஊர்ல அப்பா பேர்ல ஒன்றரை ஏக்கர் இருக்கு. புதுசா வந்த பைபாஸுக்குப் பக்கத்துல. அந்தப் பகுதியில 40 குடும்பம், மொத்தம் 60 ஏக்கர். எல்லார் நிலத்தையும் சேர்த்து வீட்டு மனை, கடைத்தெரு, ஒரு ஸ்கூல், கல்யாண மண்டபம்னு சின்ன டவுன்ஷிப் மாதிரி கொண்டு வரலாம்னு ஒருத்தர் ஊர்ல கூட்டம் போட்டிருக்கார். "ஊரே சேருது, நாம மட்டும் ஒதுங்கி நின்னா நல்லா இருக்காது"ன்னு அப்பா சொல்றாராம்.

மெயிலோட கடைசி வரி இதுதான்: "அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா கையெழுத்து போடப் போறாரு. போடலாமா?"

அவங்களுக்குத் தனியா பதில் போட்டேன். ஆனா இதே கேள்வி ஓசூர் பக்கம், கோவை பக்கம், செங்கல்பட்டு பக்கம்னு அடிக்கடி வருது. நம்மள்ல பலர் மாசச் சம்பளத்துல எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ்னு கணக்கா இருக்கோம். ஆனா குடும்பத்தோட மிகப் பெரிய சொத்து ஊர்ல இருக்கிற நிலம். அதைப் பத்தின முடிவு டீக்கடை பேச்சுல முடிஞ்சுடுது. அதனால இந்தப் பதிவு.

முதல்ல, என்னதான் கேக்குறாங்க?

"நிலத்தைச் சேர்த்து டெவலப் பண்றோம்"னு சொன்னா அது மூணு வகையில ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும். எதுன்னு தெரியாம பேசக்கூடாது.

ஒண்ணு, நேரடி விற்பனை. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பணத்தை வாங்கிட்டு ஒதுங்கிடுறீங்க. அதுக்கப்புறம் அங்க மால் வந்தாலும் முள்ளுக்காடா கிடந்தாலும் உங்களுக்குச் சம்பந்தம் இல்ல.

ரெண்டு, கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம். நிலம் உங்களுது, கட்டுறது பில்டர். முடிஞ்சதும் மனையிலயோ கட்டடத்துலயோ வருமானத்துலயோ உங்களுக்கு ஒரு பங்கு.

மூணு, நிலத்தை ஒண்ணா சேர்த்து, அதுக்குன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, நில உரிமையாளர்களே பங்குதாரர் ஆகுறது. திட்டம் போடுறதுல இருந்து கடை வாடகை வரைக்கும் எல்லாத்துலயும் உங்களுக்குப் பங்கு, எல்லாத்துலயும் உங்களுக்கு ரிஸ்க்.

கூட்டம் போடுறவங்க பெரும்பாலும் மூணாவது மாதிரி பேசுவாங்க. கொண்டு வர்ற பேப்பர் ரெண்டாவதா இருக்கும். சில சமயம் வெறும் பவர் பத்திரமா இருக்கும். அதனால "நாம எல்லாரும் பங்குதாரர்"னு யாராவது சொன்னா, "எந்தக் கம்பெனியில, எத்தனை பங்கு?"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு வர்ற பதில்லயே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

மகர்பட்டா: விவசாயிகளே பில்டர் ஆன கதை

இந்த மூணாவது வழிக்கு இந்தியாவுல எல்லாரும் காட்டுற உதாரணம் புனே நகரத்தோட கிழக்குப் பக்கம், ஹடப்சர்ல இருக்கிற மகர்பட்டா சிட்டி. ஐ.டி. வேலைக்குப் புனே போனவங்களுக்கு அந்த சைபர்சிட்டி கட்டடங்கள் தெரிஞ்சிருக்கும். அது பெரிய கார்ப்பரேட் வாங்கிப் போட்ட நிலம் இல்ல. சுமார் 120 விவசாயக் குடும்பங்களோட 400 ஏக்கருக்கும் மேற்பட்ட விளைநிலம்.

1980-கள்லயே அந்தப் பகுதி எதிர்காலத்துல நகரமாகப் போற இடம்னு திட்ட வரைபடத்துல வந்துடுச்சு. அதாவது, விவசாயம் ரொம்ப நாள் ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். 1976-ல வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தால நிலத்தை அரசு எடுத்துக்குமோங்கற பயமும் இருந்துச்சு. சுத்துப்பட்டுல துண்டு துண்டா வித்தவங்க கையில பணம் எவ்வளவு வேகமா கரைஞ்சதுங்கறதையும் பார்த்திருந்தாங்க.

அந்த நேரத்துல சதீஷ் மகர்ங்கறவர், அவரும் அதே விவசாயக் குடும்பத்துக்காரர்தான், ஒவ்வொரு குடும்பத்துகிட்டயும் பேசி ஒரு யோசனையைக் கொண்டு வந்தார். தனித்தனியா விக்க வேண்டாம். ஒரு கம்பெனி ஆரம்பிப்போம். யார்கிட்ட எவ்வளவு நிலமோ அதுக்கு ஏத்த விகிதத்துல பங்கு. டவுன்ஷிப்பை நாமளே கட்டுவோம். சம்மதம் வாங்குறதுக்கும் அரசு அனுமதிக்கும் 1990-கள்ல பல வருஷம் போச்சு. கட்டுமானம் 2000-ஐ ஒட்டித்தான் ஆரம்பிச்சது.

இதுல என்னைக் கவர்ந்த விஷயங்கள் நாலு.

முதல் விஷயம், இருக்கிற இடத்தைப் பொறுத்து யாருக்கும் லாபமோ நஷ்டமோ இல்ல. சாதாரணமா ஒரு வரைபடம் போட்டா, ஒருத்தர் நிலத்துல பார்க் வரும், இன்னொருத்தர் நிலத்துல மெயின் ரோடு கடை வரும். பார்க் வந்தவர் ஏன் சம்மதிப்பார்? ஆனா எல்லாரும் ஒரே கம்பெனியில பங்குதாரர்னா, என் நிலத்துல பார்க் வந்தாலும் கடை வாடகையில எனக்கும் பங்கு உண்டு. ஊர் சேர்ந்து நேர்மையா திட்டம் போடுறதுக்கு இந்த ஒரு ஏற்பாடு பத்து கூட்டத்துக்குச் சமம்.

ரெண்டாவது, எல்லாத்தையும் வித்துக் காலி பண்ணல. வீடுகளை வித்தாங்க. ஐ.டி. அலுவலகம், வணிக இடங்கள்ல இருந்து வாடகை வர்ற மாதிரி வச்சுக்கிட்டாங்க. விவசாய வருமானம் போன இடத்துல வாடகை வருமானம் வந்து உக்காந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா, குரோத் ஆப்ஷனும் டிவிடெண்ட் ஆப்ஷனும் கலந்த போர்ட்ஃபோலியோ.

மூணாவது, கட்டுமானத்துலயே அந்தக் குடும்பங்களுக்கு வேலை. பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுத்து, மண் வேலை, கட்டுமானப் பொருள் சப்ளை, தோட்டப் பராமரிப்புன்னு கான்ட்ராக்ட் எடுக்க வச்சாங்க. நிலம் போச்சு, ஆனா தொழில் வந்துச்சு.

நாலாவது, கட்டம் கட்டமா கட்டினாங்க. முதல் கட்டத்துல வந்த பணம் அடுத்த கட்டத்துக்கு. மொத்தத்தையும் கடன்ல தூக்கி நிறுத்தல. இதே குழு பின்னாடி சிங்ககட் ரோடு பக்கம் சுமார் 700 ஏக்கர்ல நாந்தேட் சிட்டின்னு இன்னொரு டவுன்ஷிப்பையும் விவசாயிகளோட சேர்ந்து பண்ணினாங்க.

கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா ஒரு ஆடிட்டரா இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். மகர்பட்டாவுல பெரும்பாலான குடும்பங்கள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவங்க. நம்பிக்கை ஏற்கெனவே இருந்துச்சு. ஐ.டி. கம்பெனிகள் புனேவுக்குப் படையெடுத்த காலமும் சரியா அமைஞ்சது. அதோட, நிலம் இருந்தவங்களுக்குத்தான் பங்கு. அந்த வயல்ல கூலிக்கு வேலை செஞ்சவங்களுக்குப் பங்குப் பத்திரம் கிடையாது. "ஊர் சேர்ந்து பண்ணின திட்டம்"னு சொல்லும்போது அந்த ஊர்ல யார் யாரைச் சேர்த்துக்கிட்டோம்னு கேட்டுக்கணும்.

அமராவதி: கையெழுத்து போட்டாச்சு, ஸ்டியரிங் கையில இல்ல

இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். ஆந்திராவுல 2015-ல தலைநகர் அமராவதிக்காக 30,000 ஏக்கருக்கும் மேல விவசாயிகள் நிலத்தைக் கொடுத்தாங்க. அளவுல இது நம்ம 60 ஏக்கருக்குப் பக்கத்துலயே வராது. ஆனா பாடம் ஒண்ணுதான்.

அங்க பங்கு கிடையாது. நிலத்தைக் கொடுத்தா, டெவலப் ஆன மனை திரும்பக் கிடைக்கும். ஒரு ஏக்கர் மானாவாரிப் பட்டா நிலத்துக்கு 1,000 சதுர கெஜம் வீட்டு மனையும் 250 சதுர கெஜம் வணிக மனையும். ஆத்தோரச் செழிப்பான நிலத்துக்கு வணிக மனை 450 சதுர கெஜம். கூடவே 10 வருஷத்துக்கு ஆண்டுத் தொகை: மானாவாரிக்கு ஏக்கருக்கு 30,000 ரூபாய், செழிப்பான நிலத்துக்கு 50,000 ரூபாய்ல ஆரம்பிச்சு, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும். நிலமில்லாத குடும்பங்களுக்கு மாசம் 2,500 ரூபாய் ஓய்வூதியம். மகர்பட்டாவுல விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்க யோசிச்சிருக்காங்க, அதை ஒத்துக்கணும்.

2019-ல ஆட்சி மாறுச்சு. அந்த வருஷக் கடைசியில மூணு தலைநகர்னு அறிவிப்பு வந்துச்சு. வேலை நின்னுடுச்சு. விவசாயிகள் வருஷக்கணக்கா போராட்டம் நடத்தினாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. 2022 மார்ச்ல ஆந்திர உயர் நீதிமன்றம் அவங்களுக்குச் சாதகமா தீர்ப்பு கொடுத்துச்சு. வேலை மறுபடி சூடு பிடிச்சது 2024-ல ஆட்சி மாறின பிறகுதான்.

அந்த அஞ்சு வருஷத்துல ஒரு விவசாயி என்ன நிலைமையில இருந்திருப்பார்? நிலத்துல உழ முடியாது. மனை கையில வந்தாலும் சுத்தி ரோடு, தண்ணி, விளக்கு இல்லன்னா அதுக்கு என்ன விலை? பிள்ளை படிப்பு, பொண்ணு கல்யாணம் எதுவும் ஆட்சி மாறுற வரைக்கும் காத்திருக்காது.

ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இதுதான். மகர்பட்டாவுல நிலம் கொடுத்தவங்கதான் முடிவெடுக்கிற மேஜையில உக்காந்திருந்தாங்க. அமராவதியில நிலம் கொடுத்தவங்க இன்னொருத்தர் முடிவுக்காகக் காத்திருந்தாங்க. உங்க அப்பாவுக்கு முன்னாடி வச்சிருக்கிற பேப்பர் இதுல எந்தப் பக்கம்?

இப்போ கணக்கு போடுவோம்

அந்த மெயில்ல வந்த அளவையே வச்சுக்கலாம். கீழ வர்ற விலை, செலவு எல்லாம் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது. உங்க ஊர் நிலவரத்தைப் போட்டு மாத்திக்கோங்க. எல்லாமே வரிக்கு முன்னாடி.

மொத்தம் 60 ஏக்கர். உங்க குடும்பம் ஒன்றரை ஏக்கர். அப்போ உங்க பங்கு 2.5%.

60 ஏக்கர்னா 26,13,600 சதுர அடி. இது முழுக்க விக்க முடியாது. ரோடு, பார்க், பள்ளி, தண்ணித் தொட்டி, மழைநீர் வடிகால்னு 40% போயிடும்னு வச்சுக்கோங்க. விக்கக் கூடியது சுமார் 15,68,000 சதுர அடி.

சதுர அடி 1,500 ரூபாய்னு வித்தா மொத்த வரவு சுமார் 235 கோடி. ரோடு, சாக்கடை, மின்சாரம், அனுமதிக் கட்டணம் எல்லாம் சதுர அடிக்கு 400 ரூபாய்னா சுமார் 63 கோடி செலவு. வட்டி, விளம்பரம், ஆபீஸ் செலவு 30 கோடி. மிச்சம் சுமார் 142 கோடி. அதுல 2.5% சுமார் 3 கோடியே 56 லட்சம்.

இன்னிக்கே ஏக்கர் 1 கோடின்னு வித்தா கையில வர்றது ஒன்றரை கோடி. "பார்த்தீங்களா, ரெண்டு மடங்குக்கு மேல!"ன்னு கூட்டத்துல சொல்லுவாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க.

கொஞ்சம் பொறுங்க. அந்த 3.56 கோடி எப்போ வரும்? ஆறு வருஷம் கழிச்சுன்னு வச்சுக்குவோம். இதே அளவு ரிஸ்க் இருக்கிற இன்னொரு முதலீட்டுல வருஷம் 12% எதிர்பார்ப்போம்னா, ஆறு வருஷம் கழிச்சு வர்ற 3.56 கோடியோட இன்னிய மதிப்பு சுமார் 1.80 கோடி. அதாவது, உண்மையான லாபம் 30 லட்சம்தான்.

ரெண்டு வருஷம் தாமதமாச்சுன்னா? எட்டு வருஷம் கழிச்சு வந்தா இன்னிய மதிப்பு 1.44 கோடி. இன்னிக்கே வித்ததை விடக் குறைவு! அனுமதி ரெண்டு வருஷம் இழுக்குறதெல்லாம் நம்ம ஊர்ல அதிசயமா?

விலை விழுந்தா? சதுர அடி 1,500-க்குப் பதிலா 1,200-தான் கிடைச்சதுன்னு வைங்க. விலை குறைஞ்சது 20%. ஆனா செலவு அப்படியேதான் இருக்கும். உங்க பங்கு 3.56 கோடியில இருந்து சுமார் 2.39 கோடியா இறங்கும். அது 33% சரிவு. ஆறே வருஷத்துல வந்தாலும் இன்னிய மதிப்பு 1.21 கோடிதான்.

இதைச் சொல்லி பயமுறுத்த வரல. பணத்தைக் கையில வாங்கினா என்ன பண்ணுவீங்கங்கறதும் கணக்குல சேரும். ஒன்றரை கோடி வாங்கி, அதுல பாதி வீட்டை இடிச்சுக் கட்டுறதுலயும் கார்லயும் போயிடும்னா, பூட்டி வச்ச மாதிரி இருக்கிற பங்கே மேல். உங்க குடும்பத்தை உங்களுக்குத்தான் தெரியும். ஆனா "ரெண்டு மடங்கு"ங்கற ஒரு வார்த்தையை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. எத்தனை வருஷத்துல, எந்த விலையில, யார் கடன்லன்னு கேளுங்க.

வரைபடத்துலதான் பணம் இருக்கு

"திட்டம் எல்லாம் ஆர்க்கிடெக்ட் பார்த்துப்பாரு"ன்னு விட்டுடுறோம். தப்பு. வரைபடத்துல போடுற ஒவ்வொரு கோடும் ஒருத்தர் பாக்கெட்டுக்குப் போற பணம்.

கடைத்தெரு எங்க வரணும்? பைபாஸை ஒட்டிப் போட்டா வாடகை அதிகம். ஆனா உள்ள இருக்கிற ஊர் மக்கள் பால் வாங்க ஹைவே ஓரம் போகணும். மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? இதை ஊர்ப் பெரியவங்களை விட நல்லா எந்த சர்வேயரும் சொல்ல மாட்டாங்க. வாய்க்காலை மறைச்சு மனை போட்டா, முதல் பெருமழையில வாங்கினவங்க உங்க கம்பெனி மேலதான் கேஸ் போடுவாங்க. சுடுகாட்டுப் பாதை, மாட்டு வண்டிப் பாதை, கோயில் திருவிழாவுக்குத் தேர் வர்ற பாதை இதெல்லாம் பட்டாவுல இருக்காது. ஆனா அடைச்சா அனுமதியே நின்னு போற அளவுக்குப் பிரச்சனை வரும்.

அதனால ஊர்க் கூட்டத்துல வரைபடத்தை விரிச்சு வச்சுப் பேசுறது மரியாதைக்காக மட்டும் இல்ல. செலவையும் தாமதத்தையும் குறைக்கிற வழி அது. முன்னாடி நாம போட்ட கணக்குல ரெண்டு வருஷத் தாமதம் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தோம்ல?

தமிழ்நாட்டுல கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் நமக்கு லீவு நாள்தான். அந்த ஒரு நாளாவது ஊருக்குப் போங்க. தண்ணி எங்கிருந்து எடுக்கப் போறீங்க, கழிவுநீர் எங்க போகும், புது ரோட்டை யார் பராமரிப்பாங்கன்னு கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. வாயால சொன்ன வாக்குறுதிக்கு பேலன்ஸ் ஷீட்ல இடம் கிடையாது.

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். பஞ்சாயத்துத் தலைவர் ஒத்துக்கிட்டார்ங்கறது லேஅவுட் அனுமதி ஆகாது. டி.டி.சி.பி. அல்லது சென்னைப் பகுதின்னா சி.எம்.டி.ஏ. ஒப்புதல் வேணும். பெரிய லேஅவுட்ல ரோடு போக மிச்சத்துல 10% திறந்தவெளியா ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தான பத்திரம் எழுதிக் கொடுக்கணும். விவசாய மண்டலமா இருந்தா நில உபயோக மாற்றமும் வாங்கணும்.

வரி: கையில காசு வரும் முன்னாடி வரி வந்துடலாம்

இங்கதான் பல பேர் மாட்டுறாங்க.

கம்பெனிக்கு நிலத்தை எழுதிக் கொடுத்து பங்கு வாங்கினா, வருமான வரிச் சட்டத்துல அது பரிமாற்றம். கையில ஒரு ரூபாய் வரலன்னாலும் மூலதன ஆதாயம் கணக்காகலாம். பத்திரப் பதிவுச் செலவு தனி. கிராமப்புற விவசாய நிலமா இருந்தா மூலதனச் சொத்துல வராது, வரியும் இல்ல. ஆனா ஊர் பேரு கிராமமா இருந்தா மட்டும் போதாது. பக்கத்து நகராட்சியோட மக்கள்தொகை 10,000-க்கு மேல 1 லட்சம் வரைன்னா 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைன்னா 6 கிலோமீட்டர், 10 லட்சத்துக்கு மேலன்னா 8 கிலோமீட்டர். நேர்க்கோட்டுத் தூரத்துல இதுக்கு வெளிய இருக்கணும். பைபாஸ் பக்கத்து நிலம் பெரும்பாலும் இந்த எல்லைக்கு உள்ளதான் வரும்.

கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம்னா ஒரு நல்ல சலுகை இருக்கு. 1961 சட்டத்துல 45(5ஏ)ன்னு சொல்லுவோம். தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும், ஒப்பந்தம் பதிவு செஞ்சதா இருந்தா, கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட் வர்ற வருஷத்துலதான் வரி. ஆனா அதுக்கு முன்னாடியே உங்க பங்கை வித்துட்டா இந்தச் சலுகை போயிடும், வித்த வருஷமே வரி. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம வெறும் முத்திரைத்தாள்ல எழுதினாலும் சலுகை கிடையாது. "பதிவுச் செலவை மிச்சம் பண்ணலாம்"னு யாராவது சொன்னா, அந்த மிச்சம் உங்களுக்கு இல்ல, அவருக்கு.

கையெழுத்துக்கு முன்னாடி கேக்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

1. பவர் பத்திரம் கேக்குறாங்களா? எதுக்கு மட்டும்? அனுமதி விண்ணப்பம் போட அதிகாரம் கொடுக்கிறது வேற, விக்கவும் அடமானம் வைக்கவும் கொடுக்கிறது வேற. ரெண்டாவதைக் கொடுத்துட்டா நீங்க பங்குதாரர் இல்ல, பார்வையாளர்.

2. நிலத்தை வச்சு கடன் வாங்குவாங்களா? எவ்வளவு வரைக்கும்? யாரோட அனுமதி வேணும்? திட்டம் படுத்தா பேங்க் வர்றது அப்பா நிலத்துக்குத்தான்.

3. போர்டுல நில உரிமையாளர்கள் எத்தனை பேர்? கம்பெனிச் சட்டப்படி முக்கியமான தீர்மானத்துக்கு 75% ஓட்டு வேணும். புரமோட்டர் கையில 75% இருந்தா உங்க 40 குடும்பம் சேர்ந்து கத்தினாலும் ஒண்ணும் நடக்காது. நில உரிமையாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து 25%-க்கு மேல கட்டாயம் இருக்கணும், பாதிக்கு மேல இருந்தா நல்லது.

4. பங்கை விக்கணும்னா யார்கிட்ட விக்கலாம், எந்த விலையில? பிரைவேட் கம்பெனிப் பங்கை நினைச்ச நேரத்துல ஆப்ல விக்க முடியாது. அவசரத்துக்கு வெளிய வர்ற வழி ஒப்பந்தத்துலயே இருக்கணும்.

5. எத்தனை வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கலன்னா நிலம் திரும்ப வரும்? தேதி போட்டு எழுதியிருக்கா?

6. எது விக்கிறதுக்கு, எது வாடகைக்கு? கடைகளை எல்லாம் வித்துட்டா மாச வருமானம் எங்கிருந்து வரும்?

7. குடும்பத்துல எல்லாரும் கையெழுத்து போட்டாங்களா? பூர்வீகச் சொத்துன்னா மகள்களுக்கும் சம உரிமை. தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தது, 2005-ல நாடு முழுக்க வந்தது. அத்தை, அக்கா, தங்கச்சியை விட்டுட்டு ஆரம்பிச்ச திட்டம் பின்னாடி கோர்ட்ல நிக்கும். மெயில் அனுப்பின அந்தத் தங்கச்சிகிட்ட நான் முதல்ல கேட்டதே "உங்க தாத்தா சொத்தா, அப்பா சம்பாதிச்சதா?"ன்னுதான்.

8. குத்தகைக்கு ஓட்டுறவங்க, அந்த வயல்ல கூலி வேலை செய்றவங்க என்ன ஆவாங்க? இது தர்மம் மட்டும் இல்ல. பதிவு செஞ்ச குத்தகை இருந்தா சட்டச் சிக்கலும் வரும். கடை ஒதுக்கீடு, பராமரிப்பு வேலைன்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சா திட்டத்துக்கு ஊர்ல எதிர்ப்பும் குறையும்.

இன்னொண்ணு. அப்படியே பங்குதாரர் ஆயிட்டீங்கன்னு வைங்க. 40 பங்குதாரர் இருக்கிற கம்பெனியில நிர்வாகம் தப்பு பண்ணினா, நாலு பேர் சேர்ந்தாலே தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பங்குங்கறது வெறும் பேப்பர் இல்ல, இந்த உரிமையும் அதோட வருது. கூட்டு ஒப்பந்தத்துல இந்த வழி கிடையாது.

நீங்க அங்க மனை வாங்குறவரா இருந்தா

500 சதுர மீட்டருக்கு மேலயோ, 8 யூனிட்டுக்கு மேலயோ இருந்தா ரெரா பதிவு கட்டாயம். நில உரிமையாளர்களோட கம்பெனியா இருந்தாலும் சட்டத்துக்கு அவங்க புரமோட்டர்தான், விதிவிலக்கு இல்ல. வாங்குறவங்ககிட்ட வசூலிக்கிற பணத்துல 70% தனிக் கணக்குல இருக்கணும். ஒப்புதல் வாங்கின வரைபடத்தை மாத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு வாங்குபவர்களோட எழுத்துபூர்வ சம்மதம் வேணும். "பார்க் இருந்த இடத்துல இன்னும் பத்து மனை போடுறோம்"னு லெட்டர் வந்தா, சும்மா கையெழுத்து போட்டு அனுப்பாதீங்க. நிலம் கொடுத்தவங்களுக்கு எப்படி வரைபடத்துல பணமோ, உங்களுக்கும் அப்படித்தான்.

கடைசியா

அந்தத் தங்கச்சிக்கு நான் எழுதின பதில் ரெண்டே விஷயம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நீங்களும் போங்க. கையெழுத்து வேண்டாம், டிராஃப்ட் காப்பி மட்டும் வாங்கிட்டு வாங்க.

போனாங்க. கூட்டத்துல "எந்தக் கம்பெனி, எத்தனை பங்கு?"ன்னு எழுந்து கேட்டாங்களாம். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் பின்னாடி வரிசையில இருந்த ஒரு பெரியவர் "அந்தப் புள்ள கேக்குறது நியாயம்தானே"ன்னு சொல்லியிருக்கார். கம்பெனி இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு அப்போதான் வெளிய வந்திருக்கு. இப்போ 40 குடும்பமும் சேர்ந்து ஒரு வக்கீலை வச்சு டிராஃப்ட்டைத் திருத்திட்டு இருக்காங்க. திட்டம் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. ஆனா வந்தா, அப்பா எதுல கையெழுத்து போடுறோம்னு தெரிஞ்சுதான் போடுவார்.

ஊர் கூடித் தேர் இழுக்கிறது நல்ல விஷயம்தான். வடம் யார் கையில இருக்கு, முட்டுக்கட்டை யார் போடுறாங்கன்னு மட்டும் பார்த்துக்கோங்க.

மேல போட்ட கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா காட்டியிருக்கேன். உங்க ஊர் விலை, வருஷம், பங்கு மாத்திப் பாருங்க. இது பொதுவான விளக்கம்தான். உங்க பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒரு வக்கீல்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் காட்டாம முடிவெடுக்காதீங்க. இந்தப் பதிவை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. அப்பாவுக்குப் படிக்க நேரம் இல்லன்னா, அந்த எட்டுக் கேள்வியை மட்டுமாவது போன்ல படிச்சுக் காட்டுங்க.